பவனிப் படங்களை வாசிப்பது எப்படி: 16ஆம் நூற்றாண்டுக் கத்தோலிக்கச் செதுக்கோவியங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஓர் அச்சுப் படம். அதில் ஒரே விதானம். அதன் கீழே பக்கத்தில் பக்கமாக இரண்டு குதிரைகள். ஒன்றின் மேல் மும்முடி அணிந்த திருத்தந்தை ஏழாம் கிளெமெண்ட், மற்றதன் மேல் புனித ரோமானியப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ். இடம் இத்தாலியின் பொலோனா நகரம். நாள் 1530 பிப்ரவரி 24. சார்லஸுக்கு அன்றுதான் 30 வயது நிறைந்தது. சற்று முன்பு சான் பெத்ரோனியோ பேராலயத்தில் கிளெமெண்ட் தன் கையாலேயே அவருக்கு முடிசூட்டியிருந்தார். இப்போது இருவரும் ஊரைச் சுற்றி வருகிறார்கள்.

அதற்கு மூன்று வருடம்கூட ஆகாத முன்பு, 1527 மே 6 அன்று, இதே சார்லஸின் படை சம்பளம் வராத ஆத்திரத்தில் ரோமுக்குள் புகுந்து நகரத்தைச் சூறையாடியது. கிளெமெண்ட் சான்ட் ஆஞ்சலோ கோட்டைக்குள் ஓடி ஒளிந்தார். மாதக்கணக்கில் அங்கே அடைபட்டுக் கிடந்தார். டிசம்பரில்தான் தப்பித்து ஒர்வியேட்டோவுக்குப் போனார். அந்தத் துக்கத்தில் அவர் வளர்த்த தாடி, பிறகு வந்த அவருடைய உருவப்படங்களில் எல்லாம் இருக்கிறது. 1526இல் செபஸ்தியானோ தெல் பியோம்போ வரைந்த படத்தில் அவர் முகம் மழித்திருக்கும்.

இதெல்லாம் தெரியாமல் பார்த்தால் அந்த விதானத்தின் கீழே அழகான இரண்டு குதிரைகள் போகின்றன, அவ்வளவுதான். தெரிந்து பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. பவனிப் படங்களைப் பார்க்கப் பழகியவர்கள் குறைவு. அழகு இருக்கிறது, ஆனால் நூற்றுக்கணக்கான ஆட்கள் ஒரே மாதிரி நடக்கிறார்கள், எங்கே கண்ணை நிறுத்துவது என்று தெரியாமல் தாண்டிப் போய்விடுகிறோம். இந்த வழிகாட்டி கண்ணை எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றியது. பொலோனா பவனியை முதன்மை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். வெனிஸிலிருந்து ஒன்றும் பிரஸ்ஸல்ஸிலிருந்து ஒன்றும் நடுவில் வரும்.

படி 1: முழுத் தொடரையும் எடுத்து அடுக்குங்கள்

பவனிப் படம் பெரும்பாலும் ஒற்றைத் தாளில் முடிவதில்லை. பொலோனா பவனியைச் செப்புத் தகட்டில் ஆக்கியவர் நிக்கோலாஸ் ஹோகன்பெர்க். ம்யூனிக்கில் பிறந்து, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள மெகெலன் நகரில் வேலை செய்து, 1539இல் அங்கேயே இறந்தவர். அவருடைய தொடரில் ஏறத்தாழ 40 தகடுகள். ஒவ்வொரு தகட்டின் அச்சையும் பக்கத்தில் பக்கமாக ஒட்டினால் சுவரை நீளவாக்கில் சுற்றி வரும் ஒரு பட்டை கிடைக்கும். அப்படி ஒட்டிப் பார்ப்பதற்காகவே இவை செய்யப்பட்டன.

இணையத்தில் தேடினால் உங்களுக்கு வருவது விதானத் தாள் மட்டும்தான். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம் ஆகிய மூன்றின் தளங்களிலும் கலைஞர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். முதல் இரண்டிலும் பழைய அச்சுகள் பலவற்றைப் பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இறக்கிய தாள்களை ஒரு நீண்ட பக்கத்தில் வரிசையாக ஒட்டுங்கள். நான் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரசன்டேஷன் ஃபைல் ஒன்றில் செய்தேன். ஒரு தாளில் பாதி தெரியும் குதிரையின் பின்பாதி அடுத்த தாளின் ஓரத்தில் வந்து பொருந்தியபோது, அதுவரை தனித்தனிப் படங்களாக இருந்தவை நகர ஆரம்பித்தன. அந்த வேலையைத் தவிர்க்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஹோகன்பெர்க் தொடருக்கு 1875இல் எடின்பரோவிலிருந்து ஒரு மறுபதிப்பு வந்தது, ஸ்டெர்லிங் மாக்ஸ்வெல் வெளியிட்டது. இணையத்தில் சுற்றும் படங்களில் கணிசமானவை அந்த 19ஆம் நூற்றாண்டு நகல்கள். வரிசையைப் புரிந்துகொள்ள அவை போதும். கோட்டின் தரத்தைப் பேச அவை உதவாது.

படி 2: கோட்டைப் பெரிதாக்குங்கள்

ஆட்களைப் பார்ப்பதற்கு முன்னால் கோட்டைப் பாருங்கள். திரையில் ஒரு குதிரையின் கழுத்து மட்டும் நிறையும்வரை பெரிதாக்குங்கள்.

கூர் உளியால் செம்பைக் கீறிய கோடு மெலிதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி ஊசி முனை போல மெலிந்து முடியும். கை அழுத்தி எடுத்ததன் தடம் அது. அமிலம் அரித்த கோடு வேறு மாதிரி. தகட்டின் மேல் மெழுகு பூசி, ஊசியால் மெழுகை மட்டும் விலக்கி, அமிலத்தில் விட்டால் செம்பு அரிபடும். அந்தக் கோடு ஏறத்தாழ ஒரே பருமனாக ஓடி, முனை மழுங்கி நிற்கும். பேனாவால் எழுதியது போல இலகுவாக வளையும். மரக்கட்டை அச்சு இந்த இரண்டுக்கும் நேர் எதிர். அங்கே கோட்டைச் சுற்றியுள்ள மரத்தைத் தோண்டி எடுத்துவிட்டுக் கோட்டை மேடாக நிற்க விடுகிறார்கள். அதனால் கோடு தடித்து, மூலைகள் கத்தியால் வெட்டியது போல இருக்கும்.

இது வெறும் தொழில்நுட்பச் சமாச்சாரம் இல்லை. அமில முறையில் வேலை சீக்கிரம் நடக்கும். அண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சியின் படத்தை 40 தகடுகளில் முடிக்க வேண்டியிருந்த ஹோகன்பெர்க் முக்கியமாக அமில முறையைத்தான் பிடித்தார். மரக்கட்டை, எழுத்து அச்சோடு சேர்த்தே அடிக்கக்கூடியது, நிறையப் படிகள் தாங்கும். செம்பு தேயும். தேய்ந்த தகட்டில் எடுத்த அச்சில் மெல்லிய கோடுகள் முதலில் காணாமல் போகும், முகங்கள் வெளிறும். உங்கள் படத்தில் முகம் தெளிவில்லை என்றால், கலைஞரைக் குறை சொல்வதற்கு முன் அது எத்தனையாவது அச்சாக இருக்கும் என்று யோசியுங்கள்.

படி 3: இடது வலதைச் சரிபாருங்கள்

தகட்டில் வலப்பக்கம் இருப்பது தாளில் இடப்பக்கம் விழும். அனுபவமுள்ள கலைஞர் இதை முன்கூட்டியே கணக்கிட்டு மூல வரைவைத் திருப்பிப் போட்டு வேலை செய்வார். ஆனால் ஒருவர் செய்த அச்சைப் பார்த்து இன்னொருவர் நகல் எடுக்கும்போது இது அடிக்கடி தவறும்.

பவனியில் வலப்பக்கம் மரியாதைக்குரிய இடம். இருவர் சேர்ந்து வந்தால் வலப்பக்கம் யார் என்பதில் தூதர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். ஆகவே படம் திரும்பியிருந்தால் அர்த்தமும் தலைகீழாகும். எழுத்து நேராக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், எழுத்து வெட்டுபவர் அதை எப்போதும் திருப்பித்தான் வெட்டுவார். வாளைப் பாருங்கள். வலது கையால் உருவ வேண்டியது என்பதால் உறை இடுப்பின் இடப்பக்கம் தொங்க வேண்டும். ஆசீர்வதிக்கும் கை வலது கையாக இருக்க வேண்டும். ஒரு தாளில் நாலைந்து வாள்களும் வலது இடுப்பில் தொங்கினால் படம் திரும்பியிருக்கிறது.

இதைச் சரிபார்க்காமல் ஒருமுறை நான் ஒரு நகலை வைத்துக்கொண்டு யார் வலப்பக்கம் என்று நீளமாக எழுதி நண்பருக்கு அனுப்பினேன். அவர் ஒரே ஒரு வாளை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். எழுதியது மொத்தத்தையும் அழித்தேன்.

படி 4: விதானம் எத்தனை என்று எண்ணுங்கள்

பவனியின் உயிர் இருக்கும் இடம் விதானம். கழிகளில் தாங்கிப் பிடிக்கும் அந்தத் துணிக் கூரையின் கீழே யார், அல்லது எது வருகிறது என்பதுதான் முதல் கேள்வி.

பொலோனா தொடரில் விதானம் ஒன்றல்ல. திருத்தந்தையும் பேரரசரும் வரும் விதானத்துக்கு முன்னால் இன்னொன்று போகிறது. அதன் கீழே மனிதர் யாரும் அமர்ந்திருக்கவில்லை. ஒரு குதிரை, அதன் முதுகில் நற்கருணைப் பேழை, அதாவது திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம் இருக்கும் பெட்டி. திருத்தந்தையர் பயணம் போகும்போது நற்கருணையை ஒரு வெள்ளைக் குதிரையின் மேல் முன்னால் அனுப்பும் வழக்கம் இருந்தது. கத்தோலிக்க நம்பிக்கைப்படி அங்கே இருப்பது கிறிஸ்துவே. அதனால் இந்தப் பவனியில் விதானத்துக்கு உரியவர்கள் மூவர்: கிறிஸ்து, அவருடைய பதிலாளான திருத்தந்தை, பேரரசர். இதைக் கவனிக்காதவர்கள் அந்தக் குதிரையைச் சுமை குதிரை என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள்.

நம் ஊர்ப் பங்குகளில் நற்கருணைப் பவனி பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. விதானம், தூபக் கலசம், கதிர்ப்பாத்திரம், முன்னால் மெழுகுவர்த்தி என்ற அதே ஒழுங்குதான். அந்தப் பவனிக்குரிய நற்கருணைப் பெருவிழாவை 1264இல் திருத்தந்தை நான்காம் உர்பான் திருச்சபை முழுவதற்கும் பொதுவாக்கினார். 16ஆம் நூற்றாண்டில் லூதரும் மற்றச் சீர்திருத்தவாதிகளும் நற்கருணையைத் தெருவில் சுமந்து போவதை எதிர்த்தார்கள். 1551 அக்டோபரில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம் அதைச் சரியென்று தீர்மானம் போட்டது. ஆகவே அந்த வருடத்துக்குப் பிறகு அச்சான ஒரு நற்கருணைப் பவனிப் படம், வெறும் திருவிழாப் படமாக இருக்க முடியாது. அது ஒரு பக்கம் சாய்ந்த சாட்சி. படத்தின் தேதியை முதலில் குறித்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

படி 5: வரிசையை நடந்து பாருங்கள்

விதானத்தைப் பிடித்த பிறகு அங்கிருந்து முன்னோக்கிப் போங்கள். பொது விதி இது: முன்னால் போகிறவர்கள் பதவியில் சிறியவர்கள், விதானத்தை நெருங்க நெருங்கப் பதவி உயரும். மேளதாளம், கொடி, தீவட்டி எல்லாம் முன்னால். பிறகு நகரத்தார், படித்தவர்கள், பிரபுக்கள், பிறகு சின்னங்களைச் சுமப்பவர்கள், பிறகு மையம்.

பொலோனாவில் அந்தச் சின்னங்களை யார் சுமந்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. செங்கோல் மொன்ஃபெராத்தோ பிரபுவிடம், வாள் உர்பினோ கோமகன் பிரான்செஸ்கோ மரியா தெல்லா ரோவெரேயிடம், உலக உருண்டை பாலட்டினேட் கோமான் பிலிப்பிடம், மணிமுடி சவோய் கோமகனிடம். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் உர்பினோ கோமகன் பெயரில் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1527இல் ரோம் எரிந்தபோது திருத்தந்தையின் கூட்டணிப் படைக்குத் தளபதியாக இருந்து, உதவிக்கு வந்து சேராதவர் என்று கடுமையாகத் தூற்றப்பட்டவர் இவர். மூன்று வருடம் கழித்து எதிரணிப் பேரரசரின் வாளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். இப்படி ஒவ்வொரு பெயரின் பின்னாலும் ஒரு கணக்குத் தீர்க்கப்பட்டிருக்கும்.

வரிசையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: தாள் எண், எத்தனை பேர், கையில் என்ன, நடையா குதிரையா. நடக்கிறவருக்கும் ஏறி வருகிறவருக்கும் உள்ள வேறுபாடு சில வேளைகளில் உடையைவிட அதிகம் சொல்லும்.

படி 6: தலையையும் கையையும் படியுங்கள்

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் இல்லை. கர்தினாலின் சிவப்பும் ஆயரின் ஊதாவும் ஒன்றாகிவிடும். அதனால் தலையில் என்ன, கையில் என்ன என்று பாருங்கள். மூன்று அடுக்கு முடி திருத்தந்தைக்கு மட்டும் உரியது. இரட்டை முனை கொண்ட கூர்முடி ஆயருக்கு, மடத்து அதிபருக்கு, சில சடங்குகளில் கர்தினாலுக்கும் உண்டு. அகன்ற விளிம்பும் தொங்கும் குஞ்சங்களும் உள்ள தட்டைத் தொப்பி கர்தினாலுடையது. நுனி வளைந்த செங்கோல் ஆயருடையது. திருத்தந்தையின் கையில் அந்த வளைந்த கோலைத் தேடாதீர்கள், அவர் அதைப் பிடிப்பதில்லை.

பேரரசரின் முடியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதன் நடுவே ஒரு வளைவு முன்னிருந்து பின்னாக ஓடும். இரு பக்கமும் கூர்முடியின் சாயல் இருக்கும். பேரரசர் பதவிக்குத் திருச்சபையின் அருட்பொழிவு உண்டு என்பதை அந்த வடிவமே சொல்கிறது. பொலோனாவில் சார்லஸுக்கு இரண்டு முடிகள் சூட்டப்பட்டன. பிப்ரவரி 22 அன்று லொம்பார்டியின் இரும்பு முடி, 24 அன்று பேரரசின் முடி. திருத்தந்தையின் கையால் முடிசூடிய கடைசிப் புனித ரோமானியப் பேரரசர் அவர்தான்.

படி 7: சிறிய எழுத்துகளைத் தவறவிடாதீர்கள்

ஹோகன்பெர்க் தொடரில் உருவங்களோடு லத்தீன் வரிகள் ஓடுகின்றன. லத்தீன் தெரியாது என்று விட்டுவிடாதீர்கள். பெயர்கள் பெரும்பாலும் ஊகிக்கக்கூடியவை, அன்டோனியுஸ் என்றால் அன்டோனியோதான்.

தாளின் அடியில், மூலையில் வரும் மூன்று சொற்களை மட்டும் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பெயருக்குப் பின் ‘இன்வெனித்’ என்று வந்தால் அவர் படத்தை வகுத்தவர். ‘ஸ்கல்ப்ஸித்’ என்றால் தகட்டில் வெட்டியவர். ‘எக்ஸ்குடித்’ என்றால் வெளியிட்டவர், தகட்டின் சொந்தக்காரர். மூன்றும் மூன்று ஆட்களாக இருக்கலாம். தகடு கைமாறும்போது பழைய வெளியீட்டாளர் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப்பெயர் வெட்டுவார்கள். ஹோகன்பெர்க்கின் தகடுகளும் பிற்காலத்தில் ஹென்ட்ரிக் ஹோண்டியஸ் கைக்குப் போய் மறுபடி அச்சேறின. ஒரே படம், இரண்டு தலைமுறை, இரண்டு வாசகர் கூட்டம். உங்கள் கையில் இருப்பது எது என்பதை அந்தச் சிறிய எழுத்துதான் சொல்லும்.

படி 8: ஓரங்களுக்குப் போங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மையத்தில் எல்லாம் ஏற்பாடு செய்யப்பட்டது, ஓரத்தில்தான் ஊர் தெரியும்.

பொலோனாவின் சதுக்கத்தில் அன்று ஒரு முழுக் காளையை நெருப்பில் வாட்டினார்கள். அதன் வயிற்றுக்குள் சிறு விலங்குகளும் பறவைகளும் அடைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ஒரு நீரூற்று. அதில் தண்ணீருக்குப் பதிலாகத் திராட்சை ரசம் கொட்டியது, பேரரசின் கழுகுச் சின்னமும் சிங்கங்களும் அதை வாயால் உமிழ்ந்தன. ரொட்டி வீசினார்கள். கட்டியக்காரர் குதிரையில் வந்து காசு இறைத்தார். ஹோகன்பெர்க் இதையெல்லாம் தொடருக்குள் கொண்டுவந்திருக்கிறார். அந்தத் தாளைத் திரையில் பெரிதாக்கினால் சீரான வரிசை உடைகிறது. அதற்கு முன்பு ஒவ்வொரு குதிரையும் ஒரே கதியில் கால் தூக்கி வைத்தது. இங்கே உடல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்குகின்றன, கைகள் மேலே நீள்கின்றன, ஆள் குனிந்து எதையோ பொறுக்குகிறார். ஊசியை எடுத்த அதே கைதான், ஆனால் கோடு வேகம் கொள்கிறது. பட்டு உடுத்தியவர்களை வரைய அவருக்குப் பொறுமை தேவைப்பட்டது. பசித்தவர்களை வரையும்போது அவர் கை தானாக ஓடியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

படி 9: இல்லாததைத் தேடுங்கள்

எழுத்துப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரண்மனையிலிருந்து பேராலயத்துக்கு மரத்தால் ஒரு பாலம் கட்டியிருந்தார்கள். சார்லஸ் அதில் நடந்து போனதும் அவருக்குப் பின்னால் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அந்த விழாவைப் பற்றி எழுதியவர்கள் இதைப் பதிந்திருக்கிறார்கள். பவனித் தொடரோ முடிசூட்டு முடிந்த பிறகிலிருந்துதான் தொடங்குகிறது. பாலம் அதற்குள் வராது. எங்கே தொடங்குவது என்பதைத் தீர்மானித்தாலே பாதிச் சங்கடம் கழிந்துவிடுகிறது.

அதேபோல, அந்த விதானத்தின் கீழ் இருவரும் கடைசிவரை சேர்ந்து போகவில்லை. வழியில் பிரிந்தார்கள். திருத்தந்தை அரண்மனைக்குத் திரும்பினார், சார்லஸ் சான் தொமெனிக்கோ ஆலயத்துக்குப் போனார். சேர்ந்து போன நேரம் கொஞ்சம்தான். அச்சில் அது நிரந்தரமாகிவிட்டது.

ஒவ்வொரு பவனிப் படத்துக்கும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: எந்த நிமிடத்தில் தொடங்குகிறது, எதில் நிற்கிறது, அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது.

படி 10: வேறு ஊர்ப் பவனியோடு ஒப்பிடுங்கள்

ஒன்றை மட்டும் பார்த்தால் அதன் ஒழுங்குதான் உலக ஒழுங்கு என்று தோன்றிவிடும். வெனிஸுக்குப் போங்கள். 1556க்கும் 1559க்கும் இடையில் மத்தேயோ பாகன் வெளியிட்ட மரக்கட்டை அச்சு, 8 கட்டைகளில், குருத்தோலை ஞாயிறன்று சான் மார்க்கோ சதுக்கத்தில் போகும் ஆட்சித் தலைவர் டோஜேயின் பவனியைக் காட்டுகிறது. ஆட்களின் தலைக்கு மேலே பதவிப் பெயர்கள் அச்சாகியிருப்பதால் தொடக்கக்காரர்களுக்கு இது மிக நல்ல பயிற்சி. பின்னணியில் சன்னல்கள் வரிசையாக ஓடுகின்றன, அவற்றில் விரிப்புகள் தொங்குகின்றன, பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். கீழே நடப்பவர்கள் அனைவரும் ஆண்கள். வெனிஸின் ஆட்சியில் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்பதை அந்தச் சன்னல்கள் சொல்லிவிடுகின்றன.

இங்கே டோஜேக்கு மேலே இருப்பது ஒரு குடை. கொற்றக்குடை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெனிஸ்காரர்கள் தங்கள் குடையும் வாளும் எக்காளங்களும் கொடிகளும் 1177இல் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாண்டர் தந்த பரிசுகள் என்று சொல்லிக்கொண்டார்கள். திருத்தந்தையே கொடுத்தது என்றால் வேறெந்த அரசரும் கேள்வி கேட்க முடியாது, இல்லையா? கொடிகளில் வெள்ளை சமாதானத்துக்கு, சிவப்பு போருக்கு. நாட்டின் நிலையைப் பொறுத்து எது முன்னால் போகும் என்பது மாறும். பாகனின் அச்சில் நிறமே இல்லை. அன்றைய வெனிஸ்காரர் சதுக்கத்தில் நின்று முதல் பார்வையிலேயே தெரிந்துகொண்ட செய்தி, தாளை வாங்கியவருக்குப் போய்ச் சேரவில்லை. கறுப்பு வெள்ளை எதை விழுங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்து பிரஸ்ஸல்ஸ். நம் கதாநாயகர் சார்லஸ் 1558 செப்டம்பர் 21 அன்று ஸ்பெயினின் யூஸ்தே மடத்தில் இறந்தார். டிசம்பர் 29 அன்று அவர் மகன் இரண்டாம் பிலிப் பிரஸ்ஸல்ஸில் அவருக்கு இறுதிப் பவனி நடத்தினார், அரண்மனையிலிருந்து புனித குதுலா ஆலயம்வரை. சடலம் ஸ்பெயினிலேயே கிடந்தது. உடல் இல்லாத ஈமப் பவனி அது. 1559இல் ஆன்ட்வெர்ப்பில் கிறிஸ்தோஃபர் பிளான்டின் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ஹியரோனிமஸ் கோக் வகுக்க, யோஹன்னஸ், லூகாஸ் என்ற டூட்டெகும் சகோதரர்கள் தகடுகளைச் செய்தார்கள். 30க்கும் மேற்பட்ட தாள்கள். அமில அரிப்பையும் உளிக் கீறலையும் இந்தச் சகோதரர்கள் எவ்வளவு நுட்பமாகக் கலந்தார்கள் என்றால், இரண்டாம் படியில் சொன்ன சோதனை இங்கே உங்களைக் குழப்பிவிடும். அதற்காகவே ஒருமுறை முயன்று பாருங்கள். (இதே பிளான்டின் அச்சிட்ட பன்மொழி வேதாகமத்தைத்தான் 1580இல் இயேசு சபையினர் ஃபதேபூர் சிக்ரியில் அக்பரிடம் கொடுத்தார்கள். ஆன்ட்வெர்ப்பின் செப்புக் கோடுகள் முகலாய ஓவியர்களின் கைக்கு வந்த வழிகளில் அதுவும் ஒன்று.)

அந்தப் பவனியின் நடுவே ஒரு கப்பல் தெருவில் போகிறது. தளத்தில் நம்பிக்கை, விசுவாசம், அன்பு என்ற மூன்று நற்பண்புகளும் பெண் உருவில் இருக்கின்றன. கடல் விலங்குகள் இழுக்கின்றன. பின்னால் பாறைகளின் மேல் இரண்டு தூண்கள், பழங்காலத்தில் உலகின் எல்லையாகக் கருதப்பட்ட ஹெர்குலிஸின் தூண்கள். ‘இன்னும் அப்பால்’ என்பது சார்லஸின் விருதுமொழி, அந்தத் தூண்கள் அவருடைய சின்னம். கப்பலைத் தொடர்ந்து அவர் ஆண்ட ஒவ்வொரு நாட்டின் பேரிலும் குதிரைகள் வருகின்றன, முதுகிலிருந்து குளம்புவரை அந்தந்த நாட்டின் சின்னம் தீட்டிய துணி போர்த்தி. பின்னால் முக்காடிட்ட பிலிப். பொலோனாத் தொடரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வாள், செங்கோல், உருண்டை, முடி என்று அங்கே சுமந்த அதே பொருள்கள் இங்கேயும் சுமக்கப்படுகின்றன. நடுவில் மட்டும் ஆள் இல்லை.

படி 11: மறுபடி பொலோனாவுக்கு வந்து கடைசித் தாள்களைப் பாருங்கள்

விதானத்துக்குப் பின்னால் போகிறவர்களைப் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை. எழுதிவைத்த வரிசைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போங்கள். பிரபுக்களும் ஆயர்களும் முடிந்ததும் உடை மாறுகிறது. பட்டு குறைகிறது, ஈட்டி கூடுகிறது. ஒரு தாளில் ஒருவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வருகிறார்கள். அவர் அன்டோனியோ தெ லெய்வா, பாவியா முற்றுகையில் அந்த நகரத்தைக் காத்துக் கொடுத்த சார்லஸின் தளபதி. கீல்வாதம் முற்றிக் காலூன்ற முடியாதவர். திருத்தந்தை குதிரையில் வரும் பவனியில் நாற்காலியில் சுமக்கப்பட்டு வருகிறார், அவருக்கு அந்தச் சலுகை இருந்தது.

அவரைச் சுற்றிக் காலாள்கள், குதிரை வீரர்கள். தோளில் நீண்ட ஈட்டி சாய்த்த ஜெர்மன் கூலிப்படைக்காரர்களின் கிழித்துத் தைத்த சட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள். 1527இல் ரோமின் தெருக்களில் கொள்ளையடித்தவர்களில் பெரும்பங்கு அந்த வகைச் சிப்பாய்கள்தான். அவர்களுக்கு நடுவே பீரங்கிகள் உருள்கின்றன. சக்கரத்தின் ஆரங்கள் ஒவ்வொன்றும் தெரியும்படி ஹோகன்பெர்க் நிதானமாக வரைந்திருக்கிறார். இப்போது ஒட்டிவைத்த பட்டையை இடமும் வலமுமாக மெதுவாக நகர்த்துங்கள். முன்னால் நற்கருணை, நடுவில் மும்முடி, பின்னால் பீரங்கி. தாடி வளர்த்த அந்த மனிதர் எந்த வரிசையில், யாருக்கு முன்னால் குதிரை ஓட்டிக்கொண்டு போகிறார் என்று பாருங்கள்.